மேலிருந்து எடுத்த படம், தரையில் முடியும் கணக்கு

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. அரசலாறு, திருமலைராஜனாறு, நண்டலாறு, வாஞ்சியாறு என்று காவிரியின் கிளைகள் இங்கேதான் கடலில் கலக்கின்றன. இது கடைமடை நிலம். தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடமும் இதுதான், வெள்ளம் கடைசியாக வடியும் இடமும் இதுதான். எந்த வயல் எந்த வாய்க்காலைவிட ஒரு சாண் தாழ்வு, எந்த வீட்டின் எல்லை எங்கே முடிகிறது, கடல் போன வருடத்தைவிட எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது ஆகிய மூன்று கேள்விகளும் இங்கே வாழ்க்கையைத் தீர்மானிக்கும் கேள்விகள்.

இவற்றுக்கு இன்று பதில் தேடுகிறவர்கள் முதலில் வானத்திலிருந்து பார்க்கிறார்கள். செயற்கைக்கோள், விமானம், டிரோன் மூன்றும் நம் தலைக்கு மேல் படம் எடுத்துக்கொண்டே இருக்கின்றன. அந்தப் படங்களை வைத்துச் சொத்து அட்டை வருகிறது, பயிர்க் காப்பீடு கணக்காகிறது, கடலோரத்தில் கட்டடம் கட்டலாமா என்பது முடிவாகிறது. அதனால் அந்தப் படம் எப்படி உருவாகிறது, எதைச் சரியாகச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

எந்த உயரத்திலிருந்து எது தெரியும்

செயற்கைக்கோள் பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-2 செயற்கைக்கோள்களின் படங்கள் யாருக்கும் இலவசம். அவற்றில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஒரு மா நிலம், அதாவது ஏறத்தாழ 33 சென்ட், அந்தப் படத்தில் சுமார் பதின்மூன்று புள்ளிகளில் அடங்கிவிடும். வயலில் பயிர் இருக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று சொல்ல அது போதும். வரப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லப் போதாது.

விமானம் சில ஆயிரம் அடி உயரத்தில் பறந்து, ஒரு மாவட்டத்தையே சில நாட்களில் படம் பிடித்துவிடும். செலவு அதிகம் என்பதால் பெரிய பரப்புகளுக்கு மட்டும்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

டிரோன் பொதுவாக 120 மீட்டருக்கு உட்பட்ட உயரத்தில் பறக்கிறது. நல்ல கேமரா பொருத்தினால் ஒரு புள்ளி தரையில் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு வரும். வரப்பு, மதகு, திண்ணை, கிணற்றின் விளிம்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். ஆனால் பேட்டரி அரை மணி நேரம்தான் தாங்கும், பலத்த காற்றில் பறக்காது. ஒரு கிராமத்துக்கு அது சரியான கருவி. ஒரு மாநிலத்தைப் படம் பிடிக்க அதை நம்ப முடியாது.

படம் எப்படி வரைபடமாகிறது

மேலிருந்து எடுத்த ஒற்றைப் படம் வரைபடம் ஆகாது. கேமராவுக்கு நேர் கீழே நிற்கும் தென்னை வட்டமாகத் தெரியும். படத்தின் ஓரத்தில் நிற்கும் தென்னை வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்தது போலத் தெரியும். மாடி வீடுகளும் அப்படித்தான். அதன் மேல் அளவுகோலை வைத்து அளந்தால் கணக்கு தப்பும்.

அதனால் டிரோனை உழவு சால் போல இணையான கோடுகளில் பறக்கவிட்டு, ஒன்றின் மேல் ஒன்று படியும்படி நூற்றுக்கணக்கான படங்களை எடுக்கிறார்கள். முன்பின்னாக அடுத்தடுத்த இரண்டு படங்கள் 70 முதல் 80 சதவீதம் வரை ஒரே இடத்தைக் காட்டும். பக்கவாட்டிலும் பாதிக்கு மேல் படியும். இதனால் தரையில் உள்ள ஒரு மதகின் மூலை ஐந்தாறு படங்களில் வெவ்வேறு கோணத்தில் பதிவாகிறது. மென்பொருள் அந்த மூலையை எல்லாப் படங்களிலும் அடையாளம் கண்டு, கோண வித்தியாசத்திலிருந்து அதன் இடத்தையும் உயரத்தையும் கணக்கிடுகிறது. இப்படி லட்சக்கணக்கான புள்ளிகளைக் கணக்கிட்டபின், எல்லா இடத்தையும் நேர் மேலிருந்து பார்த்தது போல ஒரே படமாகத் திருத்தித் தருகிறது. அதில் எங்கே அளந்தாலும் அளவு சரியாக இருக்கும்.

அந்தப் படம் பூமியில் சரியான இடத்தில் உட்கார வேண்டும். கைபேசியில் உள்ள ஜி.பி.எஸ். சில மீட்டர் தப்பும். நில அளவைக்கு அது உதவாது. அதனால் இந்திய நில அளவைத் துறை நாடு முழுவதும் நிலையான வழிகாட்டு நிலையங்களை நிறுவியிருக்கிறது. துல்லியமாக அளந்த ஓர் இடத்தில் நிற்கும் நிலையம், செயற்கைக்கோள் சமிக்ஞையில் அந்த நேரத்தில் எவ்வளவு பிழை இருக்கிறது என்பதை இடைவிடாமல் கணக்கிட்டு அனுப்புகிறது. டிரோன் அந்தத் திருத்தத்தைப் பயன்படுத்தும்போது பிழை ஐந்து சென்டிமீட்டர் அளவுக்குக் குறைகிறது.

இந்த முறைக்கு டெல்டாவில் ஓர் இடைஞ்சல் உண்டு. நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலில் வானம்தான் பிரதிபலிக்கிறது. அடையாளம் காண ஒரு மூலையும் இல்லை. கதிர் வந்த நெல்லோ காற்றில் அசைந்துகொண்டே இருப்பதால், ஒரு படத்தில் இருந்த நுனி அடுத்த படத்தில் அங்கே இல்லை. இரண்டு நிலையிலும் மென்பொருள் தடுமாறும், படத்தில் ஓட்டை விழும். எல்லையையும் உயரத்தையும் அளக்க வேண்டுமென்றால் அறுவடை முடிந்து நிலம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் பறக்கவிடுவதே சரி.

நத்தத்தில் சுண்ணாம்புக் கோடு

விவசாய நிலத்துக்குப் பட்டாவும் புலப்படமும் உண்டு. ஊரின் குடியிருப்புப் பகுதியான நத்தத்துக்கு நாட்டின் பெரும்பாலான இடங்களில் அப்படித் துல்லியமான ஆவணம் இருந்ததில்லை. தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டைக் காட்டி வங்கியில் கடன் வாங்க முடியாத நிலை அதனால் வந்தது. இதைச் சரிசெய்ய மத்திய அரசு 24 ஏப்ரல் 2020 அன்று ‘ஸ்வாமித்வா’ திட்டத்தைத் தொடங்கியது. இந்திய நில அளவைத் துறை டிரோன் பறக்கவிட்டு அளக்கும், மாநில வருவாய்த் துறை சரிபார்த்துச் சொத்து அட்டை தரும். ஜனவரி 2025க்குள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில் டிரோன் அளவை முடிந்தது. காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி, குடியிருப்புள்ள எல்லாக் கிராமங்களுக்கும் சொத்து அட்டை தயாரித்து முடித்தவற்றில் ஒன்று. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கும் தமிழ்நாடு, சோதனைக் கட்டத்தில் மட்டும் இதில் பங்கெடுத்தது. அருகருகே இருக்கும் இரண்டு கிராமங்களில் ஒன்றில் டிரோன் அளவை நடந்தது, மற்றதில் நடக்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

இந்த அளவையில் டிரோன் வருவதற்கு முன்பே மிக முக்கியமான வேலை நடந்துவிடுகிறது. வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் ஊர்ப் பொறுப்பில் உள்ளவர்களும் கூடி நின்று, இதுதான் எல்லை என்று ஒத்துக்கொண்ட இடத்தில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறார்கள். வானத்திலிருந்து பளிச்சென்று தெரியும் அந்த வெள்ளைக் கோட்டைத்தான் கேமரா பதிவு செய்கிறது. எல்லையை டிரோன் கண்டுபிடிப்பதில்லை. மனிதர்கள் காட்டிய எல்லையை அது படமெடுக்கிறது, அவ்வளவுதான்.

காரைக்கால் பக்கத்துத் தெரு ஒன்றை எடுத்துக்கொண்டால் இதன் அருமை புரியும். ஓட்டு வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். தாழ்வாரம் சுவரைத் தாண்டி இரண்டு, மூன்று அடி வெளியே நீண்டிருக்கும். மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரிவது ஓட்டின் விளிம்பு. சுவர் அதற்கு உள்ளே மறைந்திருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவர் என்றால் படத்தில் இரண்டு கூரையும் ஒரே கூரை. கொல்லைப்புறத்தில் தென்னையும் வாழையும் மாவும் மூடியிருந்தால் வேலியே தெரியாது. இந்த மூன்று இடத்திலும் ஐந்து சென்டிமீட்டர் துல்லியம் என்ற பேச்சுக்கு அர்த்தமில்லை. நில அளவர் நாடாவோடு வந்து, கூரைக்கு உள்ளே சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து படத்தில் திருத்த வேண்டும்.

அதனால்தான் முதல் வரைபடம் வந்ததும் அதை ஊரில் காட்டி, ஆட்சேபம் கேட்டு, விசாரித்து, பிறகே அட்டை கொடுக்க வேண்டும் என்று நடைமுறை வைத்திருக்கிறார்கள். ஆட்சேபம் சொல்லும் காலத்தைத் தவறவிடுவதுதான் பலருக்கு இழப்பாகிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்ப்போர் நிறைந்த ஊர் நம்முடையது. பூட்டிய வீடுகளுக்குச் சுண்ணாம்புக் கோடு போட யாரும் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் பொறுப்பான ஒருவரை அனுப்பிவைப்பதும், வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் அவசியம்.

உயரம்: டெல்டாவின் பழைய சிக்கல்

தட்டையான நிலத்தை அளப்பது மலைநாட்டை அளப்பதைவிடக் கடினம். 1802இல் சென்னைப் பரங்கிமலைப் பகுதியில் தன் பெரும் முக்கோண அளவையைத் தொடங்கிய நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன், தஞ்சை டெல்டாவுக்கு வந்தபோது இதை உணர்ந்தார். ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும். இங்கே குன்று கிடையாது, தென்னந்தோப்பு பார்வையை மறைக்கிறது. கோயில் கோபுரங்களின் மேல் ஏறி அளந்தார். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி மோதி நசுங்கியது. தன் கையாலேயே அதைப் பழுது பார்த்து வேலையைத் தொடர்ந்தார். அவருக்குத் தேவைப்பட்டது உயரமான ஒரு பார்வை. இன்று டிரோன் தருவது அதைத்தான்.

ஆனால் மேலே போனதால் மட்டும் உயரக் கணக்கு சரியாகிவிடாது. செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் உயரம், பூமியை வழுவழுப்பான நீள்கோளமாக வைத்துக்கொண்டு கணக்கிட்ட உயரம். உண்மையான கடல்மட்டம் அப்படி வழுவழுப்பாக இல்லை. ஈர்ப்பு விசை இடத்துக்கு இடம் மாறுவதால் கடல்மட்டமும் மேடு பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, சுமார் 106 மீட்டர். அதன் விளிம்பில் நம் கடற்கரை இருக்கிறது. எனவே திருத்தாத கணக்கில் காரைக்கால் கடற்கரை கடல்மட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருப்பதாகக் காட்டும். இதற்கென்று உள்ள மாதிரியைக் கொண்டும், இந்திய நில அளவைத் துறை உயரம் பொறித்த கற்களைக் கொண்டும் இதைத் திருத்த வேண்டும். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் திருத்திய உயரம்தான் சொல்லும்.

இன்னொன்றும் உண்டு. டிரோன் படத்தில் இடம் எவ்வளவு துல்லியமோ, உயரம் அதைவிடக் குறைந்த துல்லியம்தான். பக்கவாட்டில் ஐந்து சென்டிமீட்டர் பிழை என்றால் உயரத்தில் பத்து சென்டிமீட்டரைத் தொடலாம். மலைநாட்டில் அது பெரிதல்ல. கடைமடையில் ஒரு வடிகால் ஒரு கிலோமீட்டர் ஓடி இறங்கும் மொத்தச் சரிவே சில பத்து சென்டிமீட்டர்தான். அதனால் டிரோன் படத்தை வைத்து வடிகால் திட்டம் போடுகிறவர்கள், முக்கிய மதகுகளிலும் வாய்க்கால் தலைப்பிலும் மட்டக் கருவியை வைத்து நேரில் சரிபார்த்தே ஆக வேண்டும்.

பயிரும் மேகமும்

பச்சை இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். நோயுற்றாலோ வாடினாலோ அது குறையும். இந்த வித்தியாசத்தைப் படம் பிடித்துத்தான் வானத்திலிருந்து பயிரின் நலம் பார்க்கிறார்கள். சம்பாவுக்கு இதில் ஒரு தடை இருக்கிறது. பயிர் வளரும் மாதங்கள் வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள். வானம் மூடிக் கிடக்கும். ஒளியை நம்பும் கேமராவுக்கு மேகம்தான் தெரியும்.

அதற்கு வழி ராடார் செயற்கைக்கோள். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. மேகம் தடுப்பதில்லை, இரவும் பகலும் ஒன்றுதான். தண்ணீர் கட்டிய வயல் படத்தில் கறுப்பாகவும், பயிர் வளர வளர வெளுப்பாகவும் தெரியும். எந்த வாரம் நடவு, எங்கே பயிர் மூழ்கியது என்று அதிலிருந்து சொல்லலாம். 2012இல் ஏவிய ரிசாட்-1, 2022இல் ஏவிய இ.ஓ.எஸ்-04 ஆகியவை இந்தியா ஏவிய ராடார் செயற்கைக்கோள்களில் சில. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இந்த முறையில் நெல் பரப்பையும் விளைச்சலையும் கணித்து, பயிர்க் காப்பீட்டுக்கு உதவியிருக்கிறது. இங்கேயும் வயலில் இறங்கி அறுத்து எடை பார்த்த மகசூலோடு ஒப்பிட்ட பிறகுதான் அந்தக் கணிப்பு நம்பகமாகிறது.

நகரும் கரை

கடற்கரையை மேலிருந்து தொடர்ந்து பார்ப்பதால் கிடைக்கும் பயன் பெரிது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இந்திய நிலப்பகுதிக் கடற்கரை எப்படி மாறியது என்று கணக்கிட்டது. நாடு முழுவதும் 33.6 சதவீதக் கரை அரிப்புக்கு உள்ளாகியிருந்தது. மேற்கு வங்கத்தில் 60.5 சதவீதம், அதற்கு அடுத்து புதுச்சேரியில் 56.2 சதவீதம். 2004 டிசம்பர் 26 சுனாமியில் உறவுகளைப் பறிகொடுத்த மீனவ ஊர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும்.

ஆனால் கரைக்கோடு என்பது எது? படம் எடுத்த நேரத்தில் ஓதமா வற்றமா என்பதைப் பொறுத்து ஈர மணலின் விளிம்பு பல மீட்டர் தள்ளி நிற்கும். மழைக்காலத்தில் கடல் மணலை இழுத்துக்கொண்டு போகும், கோடையில் திருப்பிக் கொண்டுவந்து போடும். ஒரு நவம்பர் படத்தையும் ஒரு மே மாதப் படத்தையும் ஒப்பிட்டால் தவறான கதை கிடைக்கும். பல வருடம், ஒரே பருவம், ஒரே ஓத நிலை என்று ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். கரையில் தினமும் படகு ஏற்றுகிறவர்களிடம் எந்த வருடத்தில் எந்த இடம் போயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்வதும் அளவையின் ஒரு பகுதியாக இருக்க வேண்டும்.

உயிரினங்களை மேலிருந்து எண்ணுவது

ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்ன்ஹார்ட் கிரிஷிமெக்கும் அவர் மகன் மிகாயெலும் 1958இல் சிறு விமானத்தில் பறந்து கிழக்கு ஆப்பிரிக்காவின் செரங்கெட்டி விலங்குகளை எண்ணினார்கள். மகன் 1959 ஜனவரியில் அந்த வேலையின்போதே விமான விபத்தில் இறந்தார். அந்த வழியில் வந்ததுதான் 2016இல் முடிவு வெளியான ஆப்பிரிக்க யானைக் கணக்கெடுப்பு. 18 நாடுகளில் 3,52,271 யானைகள். அங்கே புல்வெளி, அதனால் எண்ண முடிந்தது. நம் யானைகள் மரக்கூரைக்கு அடியில் நடக்கின்றன, மேலிருந்து எண்ண முடியாது.

காரைக்காலுக்குப் பக்கத்தில் வானத்துக் கண் உதவும் இடங்கள் இரண்டு. ஒன்று, தெற்கே கோடியக்கரையை ஒட்டிய சதுப்பும் உப்பளமும். பூநாரைகள் திறந்த நீரில் நிற்பதால் படத்தில் ஒவ்வொன்றாக எண்ணலாம். இரண்டாவது, அதையும் தாண்டி, கடற்பசு வாழும் பாக் விரிகுடாப் பகுதி. கடற்பசுவை அங்குள்ள மீனவர்கள் ஆவுளியா என்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகத்தைத் தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் அறிவித்தது. இந்திய வனஉயிரின நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கடற்பசுக்களைத் தேட டிரோனையும் பயன்படுத்துகிறார்கள்.

கடற்பசு சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்து, உடனே மூழ்கிவிடும். கலங்கிய நீரில் ஓரிரண்டு மீட்டர் ஆழத்தில் இருந்தாலே தெரியாது. எனவே கண்ணில் பட்ட எண்ணிக்கை எப்போதும் உண்மையைவிடக் குறைவு. மூழ்கியிருக்கும் நேரத்தைக் கணக்கில் எடுத்து ஒரு திருத்தம் செய்கிறார்கள். மேலே வந்தும் பார்வையாளர் தவறவிட்டவற்றுக்கு இன்னொரு திருத்தம் வேண்டும். அதற்கு எளிய வழி உண்டு. இருவர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் தனித்தனியே எண்ண வேண்டும். ஒருவர் 20 பார்த்தார், மற்றவர் 15 பார்த்தார், அவற்றில் 12 இருவரும் பார்த்தவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாமவர் பார்த்த 15இல் 12ஐ முதலாமவரும் பார்த்திருக்கிறார். அப்படியானால் முதலாமவர் ஐந்துக்கு நான்கைத்தான் பார்க்கிறார். அவர் பார்த்தது 20 என்றால் மேலே வந்தவை ஏறத்தாழ 25.

இரவில் வெப்பப் படக் கேமரா உதவும். 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் சிறுத்தை நடமாட்டம் தெரிந்தபோது வனத்துறை வெப்பப் படக் கேமரா பொருத்திய டிரோனை இறக்கியது. உடலின் சூடு சுற்றுப்புறத்தைவிடக் கூடுதலாக இருந்தால்தான் விலங்கு தெரியும். கோடை நண்பகலில் தரையே விலங்கைவிடச் சூடாக இருக்கும், வித்தியாசம் மறைந்துவிடும். பின்னிரவும் விடியலும்தான் ஏற்ற நேரம். அடர்ந்த இலை வெப்பத்தையும் மறைக்கும் என்பதால் ஆற்றோரக் கருவேலங்காட்டுக்குள் பதுங்கிய விலங்கை அதனாலும் காண முடியாது. தானியங்கிக் கேமராக்களும் கால்தடம் தேடுகிறவர்களும் கூடவே இறங்க வேண்டியிருந்தது அதனால்தான்.

எண்ணப் போகிறவர்கள் எண்ணப்படும் உயிரைத் துன்புறுத்தக் கூடாது. டிரோன் தாழ்ந்து வந்தால் பறவைக் கூட்டம் எழும்பிவிடும். கணக்கு இரட்டிப்பாகும், நெடுந்தூரம் பறந்து வந்த பறவையின் பலமும் வீணாகும். தொலைவிலிருந்து ஏற்றி, உயரத்திலேயே நிறுத்தி, கூட்டத்துக்கு நேர் மேலே இறக்காமல் எடுப்பதே முறை. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது.

பறக்கவிட விரும்புகிறவர்களுக்கு

2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ வகை, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. நானோ வகைக்கும், வணிகம் அல்லாத மைக்ரோ வகைக்கும் இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. மற்றவற்றுக்குப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். மஞ்சள், சிவப்பு மண்டலங்களுக்கு அனுமதி கட்டாயம். எந்த இடம் எந்த நிறம் என்பதை அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ தளத்தில் பார்க்கலாம். காரைக்கால், துறைமுகமும் எண்ணெய் எரிவாயு நிலையங்களும் உள்ள மாவட்டம் என்பதால் பறக்கும் முன் பார்த்துவிடுவது நல்லது.

வரைபடம் கையில் வந்தால் கேட்க வேண்டியவை

மேலிருந்து எடுத்த படம் எது எங்கே இருக்கிறது என்று காட்டும். அது யாருடையது, அதன் அடியில் என்ன இருக்கிறது, போன வருடம் எப்படி இருந்தது என்பதைத் தரையில் நிற்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டின், வயலின், கரையின் வரைபடத்தை யாராவது நீட்டினால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த மாதம், எந்த நேரத்தில் எடுத்த படம்? பக்கவாட்டில் எவ்வளவு பிழை, உயரத்தில் எவ்வளவு பிழை? கூரைக்கும் மரத்துக்கும் தண்ணீருக்கும் அடியில் இருப்பதை யார் நேரில் வந்து பார்த்தார்கள்? தவறு இருந்தால் யாரிடம், எந்தத் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்? இந்த நான்குக்கும் தெளிவான பதில் இருக்கும் வரைபடத்தை நம்பலாம். இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுவதற்கு முன் நில அளவரை வரச் சொல்லி, அவரோடு நீங்களும் எல்லையைச் சுற்றி நடந்து பாருங்கள்.